சான்றிதழ் வாங்கிய பிறகு வரும் நாலாவது மாதம்: நெல்லைச் சீமையில் ஒரு வாரம்

ஜூலை 14, திங்கள். பாளையங்கோட்டை

ஜூலையில் திருநெல்வேலிக்குப் போகிறேன் என்றதும் திருச்சியில் எல்லோரும் "குற்றாலமா, சாரலா?" என்று கேட்டார்கள். சாரல் மலையடிவாரத்தோடு நின்றுவிடுகிறது. பாளையங்கோட்டை வரைக்கும் வருவது காற்று மட்டும்தான். மேற்கிலிருந்து ஓயாமல் அடிக்கும் அந்தக் காற்றில் வெயில் அவ்வளவாக உறைப்பதில்லை. ஆனால் மத்தியானத்துக்குள் உதடு வெடித்துவிடுகிறது, கண்ணெல்லாம் மண். பஸ் ஸ்டாண்டு எதிரே டீக்கடை அண்ணாச்சி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க தாயி, டீய அப்புறம் குடிக்கலாம்" என்றார். டீ 12 ரூபாய். பக்கத்துக் கடையில் இரண்டு இட்லியும் ஓர் உளுந்த வடையும் 40 ரூபாய்.

கல்லூரிக் காலத்து நண்பர்கள் நாங்கள் சிலர் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்து, தொழிற்பயிற்சி முடித்த ஏழைப் பிள்ளைகளுக்குக் கருவிப் பெட்டியும் தையல் மெஷினும் வாங்கிக் கொடுத்து வருகிறோம். கொடுத்த அன்று போட்டோ வரும். அதற்கு அப்புறம் அந்தப் பிள்ளை என்ன ஆனான், அந்த மெஷின் ஓடுகிறதா என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. பாளையங்கோட்டைக்காரியான தோழி ஒருத்தி கூட வந்தாள். பல வருஷம் தையல் சொல்லிக்கொடுத்தவள். இந்தப் பக்கத்தில் அவளுக்குத் தெரியாத தெருவே இல்லை.

முதலில் போனது மேலப்பாளையம் பக்கம் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடைக்கு. பத்துக்குப் பத்து அறை. சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் செம்புக் கம்பிச் சுருள்கள், வார்னிஷ் வாடை. கடைக்காரத் தம்பிக்கு இருபத்து நாலு வயது இருக்கும். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார். பத்தாவதோடு படிப்பு நின்றது. வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையத்தில் மோட்டார் ரீவைண்டிங் ஒரு மாதம் படித்திருக்கிறான். 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முறை அது. இன்று பெரும்பாலான மாவட்டங்களில் ஏதாவது ஒரு வங்கி இப்படி ஒரு நிலையத்தை நடத்துகிறது. பயிற்சி, தங்கல், சாப்பாடு எல்லாம் இலவசம். அதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், பயிற்சி முடிந்த பின்பும் இரண்டு வருஷம் வரை அந்தப் பிள்ளையை அவர்கள் விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு.

"மாசம் ஒரு தடவ சார் போன் பண்ணுவாரு. லோன் கெடச்சிட்டா, வாடகை குடுத்தியா, எத்தன மோட்டார் வந்துச்சுன்னு கேப்பாரு. அவருக்குப் பதில் சொல்லணுமேன்னே காலையில கடையத் தொறந்துருவேன்" என்றான்.

2023 டிசம்பர் 17, 18 மழையைப் பற்றிக் கேட்டேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. தாமிரபரணி கரை உடைத்துக்கொண்டு ஜங்ஷனுக்குள் வந்தது. தம்பி அப்போது வேறொரு கடையில் உதவியாளாக இருந்தானாம். வெள்ளம் வடிந்ததும் கடை வாசலில் சேறு பூசிய மோட்டார்கள் தெருமுனை வரை வரிசையாக நின்றிருக்கின்றன. "தண்ணி போன மோட்டாரெல்லாம் எரிஞ்ச மோட்டார் இல்லக்கா. நல்ல தண்ணியில கழுவி, நல்லாக் காயவச்சு, கரண்ட் கசிவு பாக்குற மெக்கர் மீட்டர் வச்சுப் பாத்தா பாதி பொழச்சிரும். காயில் கட்ட வேண்டாம்னு சொன்னா துட்டு கம்மியாத்தான் வரும். ஆனா அன்னைக்கு அப்படிச் சொன்ன ஆளுகதான் இன்னைக்கும் என்கிட்ட வாராவ."

ஒரு மாதப் பயிற்சியில் கம்பியின் கேஜையும் சுற்றுக் கணக்கையும் சொல்லிக்கொடுக்கலாம். இந்த நேர்மையை அவன் எங்கே கற்றானோ தெரியவில்லை. அவனுடைய அம்மாவைப் பார்த்தபோது கொஞ்சம் புரிந்தது. சுளகை மடியில் வைத்துக்கொண்டு, பேச்சு நின்றாலும் விரல் நிற்காமல் பீடி சுற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளைப் படிக்கவைத்த விரல்கள். மகளை மட்டும் இலை வெட்டக்கூட விடுவதில்லையாம்.

ராத்திரி தோழி வீட்டில் சொதி. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் முருங்கைக்காயும், கூடவே இஞ்சித் துவையலும் உருளைக்கிழங்கு வறுவலும். மறுவீட்டு விருந்துக்குச் செய்வது. "நீயும் விருந்தாளிதானே, சாப்பிடு" என்று தோழியின் அம்மா இரண்டு முறை ஊற்றினார்.

ஜூலை 15, செவ்வாய். நகருக்கு வெளியே, பிறகு கங்கைகொண்டான்

காலை டவுன் பஸ்ஸில் ஏறினால் பாதிக்கு மேல் பெண்கள். 2021இல் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனை பெண்கள் பயிற்சிக்கு வர ஆரம்பித்தார்கள் என்பதைத் தோழி தன் தையல் வகுப்பிலேயே கண்டவள். அதற்கு முன்னால், போகவர 30 ரூபாய் ஆகும் என்றால் வீட்டில் முதலில் நிறுத்துவது பெண்பிள்ளையைத்தான். பயிற்சி இலவசமாக இருந்து என்ன, பஸ்ஸுக்குக் காசு வேண்டாமா? இந்தக் கேள்வியை யாராவது முதலிலேயே கேட்டிருக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது.

நாங்கள் போனது பிட்டர், டர்னர், வெல்டர் சொல்லிக்கொடுக்கும் ஒரு நிலையம். புதுச் சேர்க்கை நடந்துகொண்டிருந்தது. பழைய பையன்கள் தேர்வுக்கு வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிட்டர் பிரிவில் ஆரம்ப வாரங்கள் முழுக்க அரம்தான். ஓர் இரும்புக் கட்டியை வைஸில் பிடித்து, அரத்தால் ராவி, நான்கு பக்கமும் சமமாக்க வேண்டும். ஆசிரியர் மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் வெளிச்சம் கசிந்தால் திரும்பவும் ராவு. உள்ளங்கை கொப்புளித்து, பிறகு காய்த்துவிடும். இந்த வாரங்களில்தான் நிறையப் பேர் ஓடிவிடுவார்கள் என்றார் ஆசிரியர். ஓடுபவர்களைக் குறை சொல்லவும் அவருக்கு மனம் வரவில்லை. அரசு ஐ.டி.ஐ.யில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன் என்றால் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாய். பஸ் பாஸும் சைக்கிளும் தனி. எல்லாம் நல்ல உதவிதான். ஆனாலும் கட்டட வேலைக்குப் போனால் மூன்றே நாளில் அந்தப் பணம் கைக்கு வந்துவிடும். வீட்டில் அடுப்பு எரியவைக்க வேண்டிய பையனுக்கு ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்பது நீண்ட காலம்.

அப்புறம் இரும்பு கடையும் லேத் மெஷின் பக்கம் போனோம். வாசலிலேயே ஒரு தகர டப்பா. அதற்குள் வளையம், மோதிரம், வாட்ச், அப்புறம் கயிறுகள். மஞ்சள், சிவப்பு, பச்சை, நீலம் என்று இரண்டு மூன்று நிறம் சேர்த்து முறுக்கிய கயிறுகள். இந்தச் சீமையில் பள்ளிக்கூடத்துப் பையன் மணிக்கட்டில் இருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே அவன் இன்ன சாதி என்று சொல்லிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யச் சொல்லியிருந்தது.

லேத்துக்கு அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. இரும்பைப் பிடித்துச் சுற்றுகிற சக்கில் ஒரு நூல் சிக்கினால் கையையே இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் கயிறு கட்டிய கை மெஷினைத் தொடக்கூடாது. அது பாதுகாப்பு விதி, எல்லோருக்கும் ஒன்று. "கத்தரிக்கோல நான் எடுக்க மாட்டேன். அவனே அவிழ்க்கணும், அவனே டப்பாவுல போடணும். சாயங்காலம் வேணும்னா எடுத்துக் கட்டிக்கட்டும், நான் ஒண்ணும் கேக்கிறதில்ல" என்றார் ஆசிரியர். எல்லோரும் எடுத்துக் கட்டிக்கொள்கிறார்களா என்று கேட்டேன். முதல் மாதம் எல்லோரும் கட்டுவார்களாம். போகப் போகச் சிலர் மறந்துவிட்டுப் போவார்கள். ஒரு வருஷம் ஒரு பையன் கயிற்றை அவிழ்க்க மாட்டேன் என்று படிப்பையே விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. டப்பாவின் அடியில் வெகுநாளாக யாரும் எடுக்காத கயிறுகள் நிறம் மங்கிக் கிடந்தன.

மத்தியானம் பையன்களோடு உட்கார்ந்து எலுமிச்சம் சாதம் சாப்பிட்டோம். வீட்டுச் சோறு கொண்டுவராத இரண்டு பேருக்கு மற்றவர்கள் டப்பா மூடியில் பங்கு வைத்தார்கள். யார் வீட்டுச் சோறு யாருக்குப் போகிறது என்று நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். இந்த ஊரில் அது சின்ன விஷயம் அல்ல.

சாயங்காலம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை. சோலார் செல் தயாரிக்கும் டாடா பவர் ஆலையை 2025 பிப்ரவரியில் முதல்வர் திறந்துவைத்தார். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தில் முக்கூடல் பக்கத்துப் பெண் ஒருத்தி தோழியை அடையாளம் கண்டு ஓடிவந்தாள். அவளுடைய பாட்டியும் அம்மாவும் பீடி சுற்றியவர்கள். "உள்ள தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் நிக்கணும்கா. ஒரு தூசி இருக்கக் கூடாது" என்று பெருமையாகச் சொன்னாள். எங்கள் மூவர் தலையிலும் காற்று மண்ணைக் கொட்டிக்கொண்டிருந்தது.

பயிற்சி ஒருங்கிணைப்பாளர் அக்கா ஒருவரையும் அங்கே சந்தித்தோம். கிராமப்புற இளைஞர்களுக்கான மத்திய அரசின் தீன் தயாள் உபாத்யாய கிராமீன் கௌசல்யா திட்டத்தில் வேலை செய்தவர். 2014இல் வந்த திட்டம். பாதி இடம் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு, மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. இதில் ஒரு பையன் மூன்று மாதம் தொடர்ந்து வேலையில் இருந்தால், சம்பளச் சீட்டைக் காட்டி, வேலையில் அமர்ந்துவிட்டான் என்று கணக்கு எழுதலாம். "எங்க கணக்கு மூணு மாசத்தோட முடிஞ்சிருதும்மா. பிள்ளைக திரும்பி வாரது நாலாவது மாசம்" என்றார் அக்கா.

ஏன் திரும்பி வருகிறார்கள்? ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ எட்டுப் பேர் தங்கும் அறை. கேன்டீன் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. முதல் சம்பளம் அட்வான்ஸுக்கும் பாய் தலையணைக்கும் போய்விடும். ஒரு காய்ச்சல் வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கோயில் கொடை, அதாவது ஊர்த் திருவிழா. ஊரில் கொடை என்றால் லீவு கிடைக்காவிட்டாலும் பையன் வந்துவிடுவான். போன வேலை போனதுதான். "கொடைக்கு வாரது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் முன்னாடியே லீவு எழுதிக் குடுக்கணும்னு அவனுக்கு யாருமே சொல்லிக் குடுக்கலியே" என்ற அவருடைய பேச்சு ராத்திரி முழுக்க மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜூலை 16, புதன். பத்தமடை, அம்பாசமுத்திரம்

வழியெல்லாம் கார் பருவ நெல் நடவு. வாய்க்காலில் தண்ணீர் முட்டிக்கொண்டு ஓடியது. நேற்றைய மண்காற்றுக்குப் பிறகு இந்தப் பச்சையைப் பார்க்கக் கண் குளிர்ந்தது.

பத்தமடையில் பாய் முடையும் பெரியம்மா ஒருவர் வீட்டுக்குப் போனோம். "வாங்க வாங்க" என்று அவர் விரித்ததும் கோரைப்பாய்தான். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, திரும்பக் காயவைத்து, கத்தியால் இழை இழையாகக் கீறி, அதைப் பாவு நூலில் கோத்து முடைகிறார்கள். மெல்லிய பட்டுப்பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரையும் சேர்த்தே முடைவார்கள். புவிசார் குறியீடும் உண்டு. அவ்வளவு புகழும் பெரியம்மாவின் கைக்கு வரும்போது மிகச் சின்னத் தொகையாகிவிடுகிறது. நல்ல பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும்.

பேத்தி கல்லூரியில் படிக்கிறாள். முடையத் தெரியுமா என்றேன். தெரியும் என்றாள். முடைவாயா என்றேன். அவள் சிரித்துவிட்டுப் பாட்டியைப் பார்த்தாள். "என்னத்துக்கு? என் இடுப்பு போனது போதும்" என்றார் பெரியம்மா. பேத்தி செய்வது வேறு வேலை. பாயைப் படம் எடுத்து, போனில் ஆர்டர் பிடித்து, நேரே வாங்குபவருக்கு அனுப்புகிறாள். இடையில் ஆள் இல்லாததால் போன வருஷத்தைவிடக் கூலி கூடியிருக்கிறது என்றாள். பாரம்பரியக் கைத்தொழிலை ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிற்றுவிக்கிறோம் என்று நிறையப் பேர் கிளம்புகிறார்கள். விலை வாங்கிக்கொடுக்கும் வழி இல்லாமல் முடையும் வித்தையை மட்டும் கொடுத்தால், அந்தப் பிள்ளையை அதே இடுப்பு வலியில் உட்காரவைக்கிறோம் என்றுதான் அர்த்தம். பேத்திக்கு யாராவது பயிற்சி கொடுப்பதானால், சரக்கு அனுப்புவதையும் கணக்கு எழுதுவதையும் கொடுக்க வேண்டும்.

அடுத்து சேரன்மகாதேவி. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் இருந்த ஊர். நாட்டுக்கு உழைக்கும் இளைஞர்களை உருவாக்கத்தான் அதைத் தொடங்கினார். பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனியே சாப்பாடு என்பது 1924, 25இல் வெளியே வந்து தமிழ்நாட்டையே உலுக்கியது. நேற்று டப்பா மூடியில் சோறு பகிர்ந்த பையன்களை நினைத்துக்கொண்டேன். நூறு வருஷம் ஆகிவிட்டது. ஒரே பந்தி என்பதை இந்த ஊரில் இன்றும் யாராவது கவனமாகக் கட்டிக்காக்க வேண்டியிருக்கிறது.

வீரவநல்லூர் தாண்டி பஸ் பஞ்சர். ஸ்டெப்னியும் காற்றில்லாமல் கிடந்தது. தூறல் வேறு ஆரம்பித்தது. சாலையோரப் புளியமரத்தடியில் எல்லோரும் ஒதுங்கி நின்றோம். கல்லிடைக்குறிச்சிக்குப் போகும் ஆச்சி ஒருவர் பையிலிருந்து சீடைப் பொட்டலத்தைப் பிரித்து, நின்றவர்கள் எல்லோருக்கும் நாலு நாலாகக் கொடுத்தார். கண்டக்டருக்கும் உண்டு. ஒரு மணி நேரம் கழித்து அடுத்த பஸ் வந்தது. அதில் நின்றுகொண்டே போனோம்.

அம்பாசமுத்திரத்தில் மரத்தில் செப்புச் சாமான், அதாவது விளையாட்டுச் சாமான், கடைந்து செய்யும் பட்டறை ஒன்றில், எங்கள் நண்பர்கள் உளி செட் வாங்கிக் கொடுத்த பையனைத் தேடினோம். அவன் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் எட்டு மாதம் ஆகிறதாம். பட்டறைக்காரர் உளிகளை எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, பரணில் பத்திரமாக வைத்திருந்தார். "வருவான். வந்தா அவங்கிட்டதான் குடுப்பேன், வேற ஆளுக்குக் குடுக்க மாட்டேன்" என்றார். எங்களுக்காக ஒரு குட்டி உரலைக் கடைந்து காட்டினார். சுழலும் மரத்தில் சிவப்பு அரக்குக் குச்சியை அழுத்த, உரசும் சூட்டிலேயே அது உருகி நிறம் ஏறுகிறது. விலை கேட்டேன். 60 ரூபாய் என்றார். 100 கொடுத்தால் வாங்க மறுத்துவிட்டார்.

ஜூலை 17, வியாழன். விக்கிரமசிங்கபுரம்

ஆடி முதல் தேதி. காலையிலிருந்தே பொசுபொசுவென்று சாரல். பாபநாசத்தில் மலை பாதிக்கு மேல் தெரியவில்லை.

இன்று பார்க்கப் போனது மாஞ்சோலை மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கிவந்த குடும்பங்களை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து ஒரு கம்பெனி 1929இல் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு. நாலைந்து தலைமுறை அங்கே தேயிலை பறித்தது. குத்தகை 2028இல் முடிய இருக்க, 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று வேலை நின்றது. 1999 ஜூலை 23இல் கூலி உயர்வு கேட்டும், கைதானவர்களை விடச் சொல்லியும் திருநெல்வேலிக்கு ஊர்வலம் போய், போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் இறங்கி 17 பேர் செத்தார்களே, அதே தொழிலாளிகளின் பேரப் பிள்ளைகள்தான் இப்போது வேலை தேடுகிறார்கள்.

ஓர் அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். "இங்கன எல்லாத்துக்கும் துட்டு. தண்ணிக்குத் துட்டு, விறகுக்குத் துட்டு. ராத்திரி புழுக்கத்துல தூக்கமே வரல தாயி" என்றார். மகன் கீழே இறங்கியதும் ஜவுளிக்கடையில் சேர்ந்திருக்கிறான். 2021இல் வந்த சட்டத்தால் இப்போது உட்கார ஸ்டூல் உண்டு, ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வீடு. ஆறே மாதத்தில் விட்டுவிட்டு இப்போது ஏ.சி., பிரிட்ஜ் ரிப்பேர் படிக்கிறான். ஊரில் கேலியாம்: மலையில் ஃபேனே போடாமல் வளர்ந்தவன் ஏ.சி. மாட்டப் போகிறான் என்று. அவனுக்கு அதில் வருத்தம் இல்லை. "கேஸ் சார்ஜ் பண்ணக் கத்துக்கிட்டேன். குழாய ஒட்டுற பிரேசிங்குக்கு இன்னும் கை நடுங்குது" என்று தன் பாடத்தைப் பற்றியே பேசினான். நான் கேட்காமலே அவன் சொன்ன இன்னொன்று: "மேல எல்லாரும் ஒரே லயம், ஒரே வரிசை வீடு. இங்க வீடு வாடகைக்குக் கேட்டா மொதல்ல நீங்க என்ன ஆளுகன்னு கேக்காவ."

தொழில் கற்றவனுக்கு வாடகைக்கு வீடு கிடைக்காத ஊரில் அந்தத் தொழில் எங்கே வேர்பிடிக்கும்? எனக்குக் கோபம் அடங்கவில்லை.

திரும்பும்போது டீக்கடையில் நெட்வொர்க் இல்லாமல் ஜிபே போகவில்லை. என்னிடம் 500 ரூபாய்த் தாள்தான் இருந்தது, கடைக்காரரிடம் சில்லறை இல்லை. "அடுத்த தடவ வரும்போது குடுங்க" என்றார். திருச்சிக்காரி, திரும்ப எப்போது வருவேனோ என்றேன். "ஆத்துல குளிக்க வராம இருப்பியளா?" என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளுக்கு ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி. இராதாபுரம் பக்கம், இடையன்குடி

மழை நேற்றோடு சரி. வள்ளியூர் தாண்டியதும் தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும் காற்றாலையும்தான். காற்று பஸ்ஸையே ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. நடக்கும்போது சேலையைப் பிடித்துக்கொள்ள ஒரு கை போதவில்லை.

பனையேறி ஒருவரின் மகன் வெல்டர். இந்தப் பக்கம் கூடங்குளம் அணு உலைக் கட்டுமானத்தில் ஒப்பந்த வேலை கிடைக்கும், ஆனால் சான்றிதழ் வைத்திருப்பவனையும் அங்கே சோதித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். படுக்கவைத்த தகட்டை ஒட்டுவது எளிது. நிற்கவைத்த தகட்டில் கீழிருந்து மேலே ஏறுவது 3ஜி, தலைக்கு மேல் ஒட்டுவது 4ஜி, சாய்த்து நிறுத்திய குழாயைச் சுற்றிலும் ஒட்டுவது 6ஜி. கடைசியில் தேறியவனுக்குக் கல்ஃப் வரை வழி திறந்துவிடும். இவன் 6ஜியில் ஒரு முறை தோற்றிருக்கிறான். "ராடு ஈரமா இருந்துச்சுக்கா. 7018 ராட சூடு பண்ணி வெச்சுத்தான் எடுக்கணும். யாரோ வெளிய வெச்சிட்டாவ. உள்ள துளை விழுந்திருச்சு." எக்ஸ்ரேயில் அந்தத் துளை தெரிந்துவிடும். தோற்ற பிறகு இரண்டு மாதம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லையாம். பயிற்சி நிலையத்தின் பழைய ஆசிரியர் நேரே வீட்டுக்கு வந்து, பனையடியில் உட்கார்ந்து பதனீர் குடித்துவிட்டு, "மரத்துல ஏறுதவன் ஒரு நாள் சறுக்குனா ஏறாம விடுதானா? உங்கப்பாவக் கேளு" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த வாரமே பையன் வெல்டிங் கடைக்குத் திரும்பிவிட்டான். அடுத்த மாதம் மறுபடியும் டெஸ்ட்.

அவனுடைய அப்பா எங்களுக்கும் பதனீர் கொடுத்தார். பனையோலைப் பட்டையில் ஊற்றி, கொஞ்சம் மாங்காய்த் துண்டும் போட்டு. காசு வாங்கவில்லை. நாங்களாகக் கேட்டு ஒரு கிலோ கருப்பட்டி 350 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டோம். மரம் ஏற இனி ஆள் இல்லை என்ற வருத்தம் அவருக்கு இருக்கிறது, மகன் ஏற வேண்டாம் என்ற உறுதியும் இருக்கிறது.

இடையன்குடியில் கால்டுவெல் பாதிரியார் கட்டிய தேவாலயத்தைப் பார்த்தோம். கட்டி முடிக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி, 1880இல் திறந்தது. எல்லோரும் கால்டுவெல்லைப் பேசுவார்கள், எனக்கு அவருடைய மனைவி எலைசாதான் மனதில் நின்றார். 1840களிலேயே இந்தத் தேரிக்காட்டுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, கூடவே லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தவர். நாகர்கோவிலில் அந்தக் கலையை ஆரம்பித்தவர் அவருடைய அம்மா மார்த்தா மால்ட். தன் கையால் சம்பாதித்த காசு ஒரு பெண்ணின் கையில் இருக்கட்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் அவ்வளவு பழசு.

ஜூலை 19, சனி. நாசரேத்

இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் பழைய நெல்லைச் சீமைதான். சாத்தான்குளம் வழியாக வந்தோம். லக்ஷ்மி விலாஸ், கிருஷ்ண விலாஸ் என்று பெயர் எதுவும் எழுதாத ஒரு வீட்டு ஹோட்டலில் இடியாப்பமும் தேங்காய்ப் பாலும், 50 ரூபாய்.

தாது வருஷப் பஞ்சத்தில், 1876இலிருந்து 78 வரை, இந்தப் பக்கத்தில் அநாதையான பிள்ளைகள் ஏராளம். அவர்களைச் சேர்த்துவைத்துச் சோறு போட்ட கேனன் ஆர்தர் மர்காசிஸ், 1878இல் இங்கே கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். தச்சு, கொல்லு, தையல், நெசவு என்று கற்றுக்கொடுத்து, 1908இல் சாகும்வரை இதே ஊரில் இருந்தார். அவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் பிள்ளைகளுக்குத் தொழிலைக் கொடுத்துவிட்டு ஊரைவிட்டுப் போய்விடவில்லை. தொழில் படித்தவனுக்குத் தன் வாத்தியார் எங்கே இருப்பார் என்று முப்பது வருஷமும் தெரிந்திருந்தது. மோட்டார் கடைத் தம்பிக்கு மாதம் ஒரு போன். வெல்டருக்குப் பனையடியில் வந்து உட்கார்ந்த ஆசிரியர். திருப்பூருக்குப் போன பையனுக்கு மட்டும் அப்படி யாரும் இருந்திருக்கவில்லை.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் நிலையத்து பெஞ்சிலேயே உட்கார்ந்து நண்பர்களோடு போனில் பேசினேன். கடை வைப்பவர்களுக்குக் கருவிப் பெட்டி தொடரட்டும். வெளியூர் போகிறவர்களுக்கு அந்தப் பணத்தை அறை அட்வான்ஸாகவும், நாலாவது மாதம், ஐந்தாவது மாதம் வாடகையில் பாதியாகவும் கொடுப்போம் என்றேன். கணக்கு பார்க்கும் நண்பர் முதலில் தயங்கினார், பெட்டி என்றால் ரசீது உண்டு, வாடகைக்கு என்ன ஆதாரம் என்று. கொடை லீவு விஷயத்தைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார். ஆளுக்கு நான்கு பிள்ளைகள் என்று பிரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுவது என்று முடிவாயிற்று. என் பட்டியலில் ஏ.சி. படிக்கும் மாஞ்சோலைத் தம்பி, 6ஜி எழுதப்போகிற வெல்டர், ஓசூரில் இரண்டு பேர். பட்டறைக்காரரிடம் திருப்பூர்ப் பையனின் எண்ணையும் கேட்டு வாங்கிவிட்டேன். அவனோடு ஐந்து. நாளை சாயங்காலம் முதல் போன் அவனுக்கு.